கடை முகப்பில் ஆறு ஜன்னல் வைத்துவிட்டேன், பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது. கண்ணாடிச் சுவரை எப்படி வரைவது?

உடுமலை_சரண் | ஞாயிறு, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். உடுமலையில் அப்பாவின் இடத்தில் கீழே கடை, மேலே வீடு என்று கட்டப் போகிறோம். மேற்குப் பார்த்த இடம், முன்பக்கம் 24 அடி. கடையை வாடகைக்கு விடுவதாக எண்ணம், அதனால் முகப்பு முழுக்கக் கண்ணாடி. மேலே ஹாலிலும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடியாக இருக்க வேண்டும் என்று தங்கைக்கு ஆசை.

பிளான் போட இன்ஜினியர் இருக்கிறார். வீட்டில் இருப்பவர்களுக்கு பிளான் புரியாது என்பதால் நானே ஸ்வீட் ஹோம் 3டி-யில் வரைந்து காட்டலாம் என்று உட்கார்ந்தேன். சுவர், அறை, படிக்கட்டு எல்லாம் ஒரே நாளில் வந்துவிட்டது. முகப்பில்தான் சிக்கிக்கொண்டேன்.

முதலில் பட்டியலில் இருந்த 4 அடி ஜன்னல் ஒன்றை எடுத்து 24 அடிக்கு இழுத்தேன். 2 இஞ்சு இருந்த சட்டமும் கூடவே இழுபட்டு ஒரு அடி அகலத்துக்கு வந்து நின்றது. சரி என்று அதை எடுத்துவிட்டு 4 அடி ஜன்னல்களை வரிசையாக ஆறு வைத்தேன். இப்போது இடையிடையே இரட்டைச் சட்டம் தடியாகத் தெரிகிறது, கதவு எங்கே வரும் என்றும் தெரியவில்லை. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு "என்னடா, நான் படிச்ச பள்ளிக்கூடம் மாதிரியே இருக்கு" என்று போய்விட்டார்.

கண்ணாடிச் சுவருக்கு என்று தனியாக ஏதாவது வழி இருக்கிறதா?

---

நித்யா_வரைபடம் | ஞாயிறு, இரவு 11.15

சரண், மென்பொருள் மேல் தப்பு இல்லை. பட்டியலில் இருப்பது செய்துவைத்த ஒரு முழுப் பொருள். இழுத்தால் கண்ணாடியும் சட்டமும் சேர்ந்துதான் இழுபடும். 4 அடியை 24 ஆக்கினால் ஆறு மடங்கு, 2 இஞ்சும் 12 ஆகத்தான் ஆகும்.

நீங்கள் சுவரைக் கட்டிவிட்டு அதில் ஓட்டை போடப் பார்க்கிறீர்கள். கடை முகப்பில் சுவரே கிடையாது. தூணுக்கும் தூணுக்கும் நடுவில் அலுமினியக் குழாய்களை நிறுத்துகிறோம், குழாய்களுக்கு நடுவில் கண்ணாடி. வரையும்போதும் அதே வரிசையில் போங்கள். முதலில் தூண், அப்புறம் குழாய், கடைசியில் கண்ணாடி. நான் 11 வருடமாக இன்டீரியர் வேலை செய்கிறேன், புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோரும் கண்ணாடியில்தான் ஆரம்பிக்கிறார்கள்!

என் வழி இது. ஸ்கெட்ச்அப் என்ற 3டி மென்பொருளில் ஒரே ஒரு நிற்கும் குழாயை வரைந்து காம்பொனென்ட் ஆக்கிவிடுவேன். மூவ் கருவியில் கன்ட்ரோலை அழுத்தி அதை மறுகோடிக்கு நகலெடுத்து வைத்துவிட்டு, உடனே சாய்கோடு போட்டு 3 என்று தட்டினால் நடுவில் சம இடைவெளியில் மற்ற இரண்டும் தானாக வந்து நிற்கும். நாளைக்கு "குழாய் தடிமனா இருக்கே" என்று யாராவது சொன்னால் ஒன்றைத் திருத்தினால் போதும், எல்லாம் மாறிவிடும்.

கண்ணாடிக்கு ஒற்றை முகம் போதும், தடிமன் வேண்டாம். அதைக் குழாயின் ஆழத்துக்கு நடுவில் வையுங்கள். முன் விளிம்போடு ஒட்டி வைத்தால் திரையில் மினுக்மினுக்கென்று அடித்துக்கொள்ளும். இன்னொன்று, மெட்டீரியலின் ஒபாசிட்டி (ஒளி புகாத அளவு) 70-க்குக் கீழே இருக்கட்டும். அதற்கு மேல் போனால் கண்ணாடியே சுவர் மாதிரி நிழல் போட ஆரம்பித்துவிடும்.

செய்து முடித்ததும் டிஏஇ என்ற 3டி கோப்பாக வெளியே எடுத்து ஸ்வீட் ஹோமில் உள்ளே இழுங்கள். பழைய ஸ்கெட்ச்அப் மேக் 2017 போதும். இழுக்கும்போது 'கதவு / ஜன்னல்' என்று ஒரு குறியீட்டுப் பெட்டி வரும், அதை டிக் செய்ய மறக்காதீர்கள். செய்தால்தான் சுவரை வெட்டிக்கொண்டு உட்காரும். சுவர் 12 அடி, முகப்பு 10 அடி என்றால் மேலே 2 அடி சுவர் தானாக மிஞ்சும். அதுதான் உங்கள் பீம்.

---

அபுதாபி_நகல் | திங்கள், காலை 7.05

நித்யா மேடம் சொன்னது சரி. ஆனால் ரெவிட் என்ற கட்டட மென்பொருளில் இதற்கு இத்தனை பாடு கிடையாது. கர்டைன் வால் (கண்ணாடிச் சுவர்) எடுத்தால் அதிலேயே 'ஸ்டோர்ஃப்ரன்ட்' (கடை முகப்பு) என்று ஒரு வகை தயாராக இருக்கிறது. கோடு இழுத்தால் போதும், கட்டம், குழாய், கண்ணாடி மூன்றும் ஒன்றாக வந்துவிடும். 'ஆட்டோமேட்டிக்கலி எம்பெட்' டிக் ஆகியிருந்தால் இருக்கிற சுவரையும் தானே வெட்டிக்கொள்ளும்.

எல்லோரும் தடுமாறுவது கதவில்தான். கதவுக் கருவியை எடுத்து அதில் வைக்கப் பார்ப்பார்கள், ஒட்டாது. கண்ணாடிப் பலகையையே கதவாக மாற்ற வேண்டும். பலகையின் ஓரத்தில் சுட்டியை வைத்து டேப் விசையை இரண்டு மூன்று முறை தட்டினால் அந்த ஒரு பலகை மட்டும் தேர்வாகும். அதைப் பூட்டி வைத்திருக்கும் பின் குறியைக் கழற்றிவிட்டு, வகைப் பட்டியலில் கர்டைன் வால் கதவைத் தேர்ந்தெடுங்கள். கதவுக்கு இடம் போதவில்லை என்றால் குறுக்கே போகும் கட்டக்கோட்டின் அந்தத் துண்டை மட்டும் நீக்கலாம். இங்கே நாங்கள் தினமும் செய்வது இதுதான்.

---

நித்யா_வரைபடம் | திங்கள், காலை 9.20

ஒரு 24 அடிக் கடைக்கு ரெவிட்டா அண்ணா? கொசு அடிக்கக் கடப்பாரை. அவர் அந்தத் திரையைப் பழகி முடிப்பதற்குள் கடையில் வாடகைக்கே ஆள் வந்துவிடுவார்.

---

அபுதாபி_நகல் | திங்கள், காலை 9.50

:) ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தை எந்த மென்பொருளாக இருந்தாலும் பிரித்துப் பார்க்க வேண்டும். கீழே கடையும் மேலே ஹாலும் ஒரே மாதிரிக் கண்ணாடி இல்லை. மேலே நீங்கள் கேட்பதை நாங்கள் விண்டோ வால் என்போம். கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் நடுவில் செருகி நிற்பது அது. கர்டைன் வால் என்பது தளங்களுக்கு வெளியே, மாடி மாடியாகத் தாண்டி, திரை மாதிரி தொங்குவது. வரையும்போது கண்ணாடி ஸ்லாபைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டால் நீங்கள் கர்டைன் வால் வரைந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒற்றை மாடி வீட்டுக்கு அது தேவையில்லாத செலவு.

மேலே தரையோடு தரையாகக் கண்ணாடி வைக்காதீர்கள். 4 இஞ்சு கட்டு ஒன்று கட்டி அதன் மேல் சட்டத்தை உட்கார வையுங்கள். மேற்கு முகம், தென்மேற்கு மழை நேரே அடிக்கும். கட்டு இல்லையென்றால் தண்ணீர் சோபாவுக்கு வந்துவிடும்.

---

ஸ்கார்பரோ_தச்சன் | திங்கள், இரவு 8.30

நான் கனடாவில் வீட்டு வேலை செய்கிறவன், சீஃப் ஆர்கிடெக்ட் என்ற மென்பொருள் பாவிக்கிறேன். அதிலே யன்னல் அளவை மாற்றினாலும் சட்டம் தன் அளவிலேயே நிற்கும், அதனால் தம்பிக்கு வந்த பிரச்சினை அங்கே வராது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற யன்னல்களைத் தெரிவு செய்து ஒரே தொகுதியாகச் சேர்த்துவிடவும் ஏலும்.

நீளமான கண்ணாடி முகப்புக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. சுவரையே கைபிடிக் கம்பிச் சுவராக மாற்றி, அதன் தூண்களை அலுமினியக் குழாயாகவும் நடுப் பலகையைக் கண்ணாடியாகவும் வைத்துவிடுவது. உயரத்தைக் கூரை வரை ஏற்றினால் மாடிப்படிக் கைபிடி கடை முகப்பாகிவிடும். கேட்கச் சிரிப்பாய் இருக்கும், ஆனால் நான் கன வேலைக்குப் பாவித்த வழி இது.

ஒன்றைக் கவனியுங்கோ. இந்த மென்பொருட்களின் நூலகத்தில் இருக்கிற கடைக் கதவுகள் அனேகமாக அமெரிக்க அளவு. குழாய் 2 இஞ்சுக்கு 4½ இஞ்சு. சில கதவுகளில் அடிச்சட்டம் 10 இஞ்சு உயரம் இருக்கும். சக்கர நாற்காலியின் கால்மிதி கண்ணாடியில் இடிக்காமல் இருக்க, தள்ளுகிற பக்கம் கீழே 10 இஞ்சுக்கு மட்டமான பரப்பு வேண்டும் என்பது அங்கத்தைய விதி. உங்கள் ஊர்க் கடையில் அப்படி இராது. அப்படியே எடுத்து வைத்தால் படம் வேறு நாட்டுக் கடை மாதிரித்தான் தெரியும்.

---

அலுமினியம்_பாண்டி | திங்கள், இரவு 10.10

மதுரையில் அலுமினியம் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் மென்பொருள் எதுவும் எனக்குத் தெரியாது, பேரன் காட்டினால் பார்ப்பேன். இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள், ஒருத்தர்கூட ஷட்டர் பற்றிக் கேட்கவில்லையே?

தம்பி, கடை என்றால் ராத்திரி பூட்ட வேண்டும். கண்ணாடியை மட்டும் நம்பி எந்த வியாபாரி உங்களிடம் வாடகைக்கு வருவார்? ஷட்டர் சுருண்டால் மேலே ஒண்ணேகால் அடிக்காவது உருளை நிற்கும். அதை மறைக்கப் பெட்டி, பெட்டிக்கு முன்னால் பெயர்ப்பலகை. பக்கத்தில் ஷட்டர் ஓடுகிற சேனல் தூணை ஒட்டி வரும். இதையெல்லாம் வைத்தபிறகு மிச்சம் இருப்பதுதான் கண்ணாடிக்கு. நீங்கள் கண்ணாடியைத் தூண் முகத்தோடு ஒட்டி வரைந்திருப்பீர்கள், பார்க்காமலே சொல்கிறேன்.

24 அடிக்கு ஒரே ஷட்டர் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நடுவில் தூண் வரட்டும், இரண்டு ஷட்டராகப் பிரியுங்கள். கையால் தூக்கி இறக்க முடியும்.

குழாய் அளவு எங்கள் பக்கம் கடைக்கு 4 இஞ்சுக்கு 1¾. மில்லிமீட்டரில் 101.6-க்கு 44.45. மாடி ஜன்னலுக்கு 2½-க்கு 1½ போதும், ரொம்ப உயரம் இல்லையென்றால்.

---

உடுமலை_சரண் | செவ்வாய், இரவு 11.30

பாண்டி அண்ணா, பார்க்காமலே சொல்லிவிட்டீர்கள். தூண் முகத்தோடு ஒட்டித்தான் வரைந்திருந்தேன்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஸ்கெட்ச்அப்பில் புதிதாக ஆரம்பித்தேன். 24 அடி என்றால் 288 இஞ்சு. 9 இஞ்சுத் தூண் மூன்று, 27 போனால் 261. இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு 130½. பூச்சு இரண்டு பக்கமும் அரை இஞ்சு கழித்து 129½. அதில் மூன்று கண்ணாடி, நடுவில் உள்ளது கதவு. 129½-ஐ 3-ஆல் வகுத்தால் ஒவ்வொன்றும் 43 இஞ்சு சொச்சம். இந்த அளவில் கண்ணாடியைத் தனித்தனியாக வரைந்து வைத்தால் கடைசிக் குழாய் தூணுக்குள் போய் நிற்கிறது. எங்கே தப்பு செய்தேன்?

---

நித்யா_வரைபடம் | புதன், காலை 8.40

குழாயைக் கணக்கில் விட்டுவிட்டீர்கள்! மூன்று கண்ணாடிக்கு நான்கு குழாய். நான்கு 1¾ சேர்ந்தால் 7 இஞ்சு. 129½-இல் 7 போனால் 122½, அதை 3-ஆல் வகுத்தால் 40.83. கண்ணாடியில் ஆரம்பிக்காதீர்கள் என்று இதற்காகத்தான் சொன்னேன். குழாயை மறுகோடிக்கு நகலெடுத்து சாய்கோடு 3 போட்டிருந்தால் இந்தக் கணக்கே உங்களுக்கு வேண்டியிருக்காது. ஒரு குழாயின் இடது விளிம்பிலிருந்து அடுத்த குழாயின் இடது விளிம்புக்கு 42.58 வந்திருக்கும். அதில் 1¾ போனால் அதே 40.83.

---

அலுமினியம்_பாண்டி | புதன், இரவு 9.45

40 இஞ்சு, ஆறரை நூல் என்று சொல்லுங்கம்மா, எங்களுக்குப் புரியும். (தெரியாதவர்களுக்கு: ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு.)

ஆனால் தம்பி, இந்த அளவை வைத்துக் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். டஃபன்ட் கண்ணாடியைச் சூடாக்கிப் பதப்படுத்தி முடித்தபிறகு அறுக்கவும் முடியாது, துளை போடவும் முடியாது. கைபிடித் துளை, பூட்டுத் துளை எல்லாம் முதலிலேயே சரியாகச் சொல்ல வேண்டும். ஒரு நூல் கூடிவிட்டால் அந்தக் கண்ணாடி எதற்கும் ஆகாது.

கதவு குழாய்ச் சட்டத்தில் வேண்டுமா, சட்டம் இல்லாத 12 எம்எம் கதவா? சட்டம் இல்லாதது என்றால் கீழே ஃப்ளோர் ஸ்பிரிங் வரும், தரையில் குழி வேண்டும். டைல்ஸ் போட்டு முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டால் புது டைல்ஸை உடைத்துத்தான் வைக்க வேண்டியிருக்கும். 3 அடிக்கு 7 அடி கதவு ஒன்று 58 கிலோ வரும், அதைத் தாங்குவது அந்த ஸ்பிரிங்தான்.

ஒரு கதை சொல்கிறேன். பல வருடம் முன்னால் ஒரு துணிக்கடைக்கு முகப்பு செய்தேன். ரொம்ப அழகாக வந்தது. திறப்பு விழா முடிந்து ராத்திரி ஷட்டரை இறக்கினார்கள். பாதியில் 'டங்'கென்று சத்தம். ஷட்டர் கதவுக் கைபிடி மேல் உட்கார்ந்துவிட்டது. எச் வடிவக் கைபிடி, கண்ணாடியிலிருந்து இரண்டரை இஞ்சு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியை ஷட்டரிலிருந்து இரண்டு இஞ்சு உள்ளேதான் வைத்திருந்தேன். அன்றைக்கு ராத்திரி கைபிடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பூட்டினோம். கடைக்காரர் ஒரு வாரம் தினமும் கழற்றி மாட்டினார். அப்புறம் என் கைக்காசில் உள்குழிவான கைபிடி மாற்றிக் கொடுத்தேன். இப்போது ஷட்டருக்கும் கண்ணாடிக்கும் 6 இஞ்சு விடாமல் வேலை எடுப்பதில்லை.

உங்கள் படத்தில் ஷட்டரை இறக்கி, பக்கவாட்டில் இருந்து பாருங்கள். முன்னால் இருந்து பார்த்தால் இது தெரியாது.

---

அபுதாபி_நகல் | புதன், இரவு 10.30

இந்த ஒரு பதிவுக்காகவே இழையைச் சேமித்து வைத்துக்கொண்டேன். எத்தனையோ வருடம் வரைந்திருக்கிறேன், ஷட்டர் கைபிடியில் இடிக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

---

உடுமலை_சரண் | வெள்ளி, இரவு 11.55

6 இஞ்சு உள்ளே தள்ளிவிட்டேன். ஷட்டரைத் தனி டேகில் (தனியாக மறைத்துக் காட்டும் லேயர்) போட்டு 'பகல்', 'இரவு' என்று இரண்டு சீன் செய்தேன். அப்பாவிடம் மாற்றி மாற்றிக் காட்டினேன். இந்த முறை பள்ளிக்கூடம் என்று சொல்லவில்லை, "போர்டு எங்கே வரும்?" என்று கேட்டார். அவர் கடைக்காரரைப் போலக் கேட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

இப்போது மாடியில் ஒரு குழப்பம். நிழலை ஓட விட்டுப் பார்த்தேன். டிசம்பர் மதியம் 12 மணிக்குத் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் ஹாலுக்குள் ரொம்ப தூரம் வருகிறது. எங்கள் இப்போதைய வீட்டில் அப்படி வந்ததே இல்லை. மேற்குக் கண்ணாடியைப் பற்றி இந்த நிழலை நம்பி முடிவு செய்யலாமா?

---

நித்யா_வரைபடம் | சனி, காலை 10.05

ஊரை மாற்றினீர்களா? மாற்றாவிட்டால் ஸ்கெட்ச்அப் உங்கள் வீட்டை அமெரிக்காவின் கொலராடோவில், போல்டர் நகரத்தில் வைத்துக்கொண்டிருக்கும். அதுதான் அதன் சொந்த ஊர். போல்டர் 40 பாகை வடக்கில் இருக்கிறது, உடுமலை பத்தரை சொச்சம். டிசம்பர் உச்சிவேளையில் அங்கே சூரியன் 27 பாகை உயரத்தில்தான் நிற்கும், உங்கள் ஊரில் 56. உங்கள் ஹாலுக்குள் வந்தது கொலராடோ வெயில்.

ஜியோ லொகேஷனில் உடுமலையைக் குறித்துவிட்டு, வடக்கு திசையையும் ஒரு தடவை சரிபாருங்கள். என் முதல் வருடத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு இதே தப்பைச் செய்து, தேவையே இல்லாத நீளத்துக்குத் தெற்கில் சன்ஷேடு போட வைத்துவிட்டேன். அதைப் பற்றி மேலே கேட்காதீர்கள்.

மேற்குக் கண்ணாடிக்கு என் பதில் உங்களுக்குப் பிடிக்காது. மார்ச் கடைசியில் சாயங்காலம் நாலரை மணிவாக்கில் சூரியன் 30 பாகை உயரத்தில் நேர் மேற்கை ஒட்டி நிற்கும். அந்த நேரத்தில் 3 அடி சன்ஷேடு போட்டாலும் கண்ணாடியில் மேலே ஒண்ணேமுக்கால் அடிக்குத்தான் நிழல் விழும். மிச்சம் முழுக்க வெயில். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் அந்த ஹாலில்தான் உட்கார வேண்டும். ஊரை மாற்றிவிட்டு மார்ச் 21-ஐ வைத்து நேரத்தை மெதுவாக நகர்த்திப் பாருங்கள், தங்கையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.

---

அபுதாபி_நகல் | சனி, காலை 11.30

மேற்கில் முழுக் கண்ணாடி என்றால் வெளியே நிற்கும் செங்குத்துத் தகடுகள் வேண்டும், அல்லது மரம். உள்ளே திரைச்சீலை போட்டால் கண்கூச்சம் குறையும், சூடு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டிருக்கும்.

---

உடுமலை_சரண் | ஞாயிறு, இரவு 9.10

ஊரை மாற்றினேன். தங்கை நாலரை மணியை ஒரு தடவை பார்த்தாள், பேசவில்லை. ஐந்து மணியைப் பார்த்ததும் "ஏசி பில்லை யார் கட்டறது?" என்றாள். முடிவில் 24 அடியில் வடக்கு ஓரமாக 8 அடி மட்டும் தரை முதல் கூரை வரை கண்ணாடி. அதற்கு நேர் முன்னால் தெருவில் பெரிய வேப்பமரம் இருக்கிறது. மற்ற இடத்தில் சுவரும் சாதா ஜன்னலும்.

எல்லாம் முடிந்தது என்று அம்மாவிடம் காட்டினேன். திரையைக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "கிரில் எங்கேடா?"

---

நித்யா_வரைபடம் | ஞாயிறு, இரவு 9.25

ஹாஹா! இந்தக் கேள்வி வராத வீடே இல்லை. திறக்காத கண்ணாடியாக வைத்து லேமினேட்டட் போடுகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். உடைந்தாலும் நடுவில் இருக்கும் படலம் விடாமல் பிடித்துக்கொள்ளும். கேட்கவில்லை என்றால் இடுப்புயரத்தில் ஒரு குறுக்குக் குழாய் வையுங்கள், பிள்ளைகள் சாய்ந்தாலும் பயமில்லை. அதற்கும் கேட்கவில்லை என்றால் கிரில் வரையுங்கள். ஒரு கம்பியைக் காம்பொனென்ட் ஆக்கி, மறுகோடிக்கு நகலெடுத்து, சாய்கோடு போட்டு 16.

---

உடுமலை_சரண் | ஞாயிறு, இரவு 10.50

16 போட்டாயிற்று. அம்மாவுக்குத் திருப்தி. தங்கை படத்தில் கிரில் டேகை மட்டும் அணைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பாண்டி அண்ணா, படத்தை அனுப்பினால் கடை முகப்புக்கு ஒரு கொட்டேஷன் தர முடியுமா?

---

அலுமினியம்_பாண்டி | திங்கள், காலை 6.30

படத்தை அனுப்புங்கள், பேரனை வைத்துப் பார்க்கிறேன். தோராயமாக ஒரு கணக்கு சொல்கிறேன். ஆனால் அளவு அதிலிருந்து எடுக்க மாட்டேன். தூண் பூசி, ஷட்டர் மாட்டின மறுநாள், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் கூப்பிடுங்கள். டேப்போடு நானே வருகிறேன்.